மடுவில் கடைசி இடம்

மருத மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், ஓடையின் இந்தக் கரையில் சின்ன விலங்குகள் வாழ்ந்தன. அந்தக் கரையில், மலையடியில், பெரிய விலங்குகள் வாழ்ந்தன. ஓடை மாசியிலேயே வற்றிவிடும். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் தண்ணீர் நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். பாறைகளுக்கு நடுவே, நிழலில் கிடந்த ஆழமான மடு.

மடு யாருக்கு என்று அடித்துக்கொண்டு சாகாமல் இருக்க, காட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பங்குனி பிறந்ததும் வற்றிய ஓடையில் பொந்தாட்டம் நடக்கும். கரைக்கு ஒரு மருத மரம், ஒவ்வொன்றிலும் உயரத்தில் ஒரு பொந்து. விளாங்காய்தான் பந்து. அதை எதிராளியின் மரப்பொந்துக்குள் எறிய வேண்டும். ஜெயித்தவர்களுக்குக் கோடை முழுக்க மடு. தோற்றவர்கள் ஓடை மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கோடைக்கு ஒரு தண்ணீர்தான். ஊற்றில் ஒரு வாய் குடித்தவனுக்கு அந்த வருஷம் மடு கிடையாது.

நடுவர் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றாலும் எந்தப் பக்கமும் சாயமாட்டார் என்று அவருக்குப் பெயர்.

சின்ன விலங்குகளின் ஓடைக்கரை அணியில் நெடுங்கையன் என்ற குரங்கு இருந்தான். அவனைப் போல எறிகிறவன் அந்தக் காட்டில் பிறக்கவில்லை. ஓடையின் பாதியில் நின்று எறிந்தாலும் காய் பொந்துக்குள் போய் உட்காரும். ஆனால் என்ன செய்ய? எதிரே மலையடி அணி. யானை ஒன்று, கரடி ஒன்று, காட்டெருமை ஒன்று. இவனோடு இருந்தவர்களோ கல்லாயி என்ற ஆமை, ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றி, வெடுக்கன் என்ற கீரி. நெடுங்கையன் ஒவ்வொரு வருஷமும் தோள் கழன்று போகும்வரை எறிவான். ஒவ்வொரு வருஷமும் தோற்பார்கள்.

போன வருஷம் ஒரே ஒரு காயில் தோற்றார்கள். கொக்கு இறக்கையைத் தூக்கி ஆட்டம் முடிந்தது என்றதும் நெடுங்கையன் ஓடையில் கிடந்த கருப்புப் பாறைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வலது தோள் நெருப்பாக எரிந்தது.

வெடுக்கன் ஓடி வந்தான். "கவலைய விடுங்கண்ணே! அடுத்த வருஷம் பாத்துக்கலாம்!"

"ஆமா தம்பி. அடுத்த வருஷம்" என்றாள் கல்லாயி.

"அடுத்த வருஷம் உரிச்சுத் தோரணம் கட்டிடுவோம்!" என்றான் ஊசிமுத்து.

நெடுங்கையனுக்கு அலுத்துவிட்டது. அவன் கேட்டுக் கேட்டுச் சலித்த வார்த்தை அது. தோற்பதுகூடப் பழகிவிட்டது, அந்த ஆறுதல்தான் தாங்கவில்லை. 'இந்த மூணு பேரையும் தோளில் தூக்கிக்கொண்டு எத்தனை வருஷம் ஓடுவது? தோள் போவதற்குள் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். ஒரு தடவையாவது அந்த மடுவில் இறங்கி, வயிறு முட்டக் குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டும்.' அவனுக்கு வேறு ஆசை இல்லை. அவன் கேட்டதில் தப்பும் இல்லை.

இப்படி ஒருவன் அலுத்து உட்கார்ந்திருப்பது யாருக்குத் தெரியாவிட்டாலும் ஓணானுக்குத் தெரிந்துவிடும். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது ஓணானின் பிழைப்பு. இந்த வருஷம் ஆட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு ஓணான் மரத்தில் ஏறி அவன் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டான்.

"தலைவரே! உங்க கைக்கு இதெல்லாம் ஒரு அணியா?"

"என்ன பண்றது?"

"ஆமை ஓடுமா? முள்ளம்பன்றியை யாராவது தட்டிக்கொடுக்கத்தான் முடியுமா? நீங்க ஒத்தை ஆளா இழுக்கிறீங்க. பார்க்கிற எனக்கே தோள் வலிக்குது!"

நெடுங்கையனுக்கு அது காதில் தேனாக இறங்கியது. தன் மனசில் இருப்பதைப் பிறர் வாயால் கேட்கிற சுகமே தனி.

"மலையடிக்காரங்க உங்களைக் கூப்பிடுறாங்க தலைவரே! பெருந்தலை யானையே சொல்லி அனுப்பினாரு. நோகாம ஜெயிக்கலாம்!"

"மடுவுல எனக்கும் இடம் உண்டா?"

"உண்டு, உண்டு, உண்டு!" ஓணான் தலையாட்டிய வேகத்தில் கிளையிலிருந்து விழப் பார்த்தான்.

நெடுங்கையன் போவதென்று முடிவு செய்தான். போகிறவன் தன் கூட்டாளிகளிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஓணான் விடவில்லை. "நீங்க யாரு, உங்க மதிப்பு என்ன! காட்டையே கூட்டிச் சொல்லணும் தலைவரே!" என்றான். அப்படியே காட்டைக் கூட்டினான். மானும் மயிலும் முயலும் அணிலும் வந்து மொட்டைப் பாறையைச் சுற்றி நின்றன.

ஓடைக்கரை அணியும் வந்தது. ஆட்டத்தைப் பற்றி நெடுங்கையன் ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்து வந்தார்கள். கல்லாயி வாயில் ஒரு கொத்து நொச்சி இலையைக் கவ்விக்கொண்டு வந்தாள். தோளில் வைத்துக் கட்டினால் வலி குறையும் என்று காலையிலேயே கிளம்பிப் போய்ப் பறித்துக்கொண்டு வந்தது.

நெடுங்கையன் பாறைமேல் ஏறி நின்றான். கீழே பார்க்காமல் சொன்னான்: "இந்த வருஷம் நான் மலையடி அணியில ஆடப்போறேன்."

கூட்டம் ஹோவென்று கத்தியது. வெடுக்கன் சிரித்தான். வேடிக்கை என்று நினைத்துவிட்டான், பாவம். பிறகு மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"அண்ணே! நாங்க என்ன தப்பு பண்ணோம்?"

"தப்பு ஒண்ணும் இல்லடா. எனக்கு முடியல. அவ்வளவுதான்."

ஊசிமுத்துவின் முட்களெல்லாம் சிலிர்த்து நின்றன. "எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? கூட்டத்தோட கூட்டமா நின்னு நான் தெரிஞ்சுக்கணுமா?"

நெடுங்கையன் தோளைத் தடவிக்கொண்டான்.

கல்லாயி நொச்சி இலைகளைப் பாறையின் அடியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். ஆமை மனம் வெறுத்துப் போவதில் ஒரு கஷ்டம் உண்டு. கண்ணிலிருந்து மறைய வெகுநேரம் ஆகும். கூட்டம் கலைந்து, ஓணானும் போய், வெயில் சாய்ந்த பிறகும் நெடுங்கையன் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது.

மலையடிக்குப் போன மறுநாள் காலை அவன் விளாங்காயை எடுத்துக்கொண்டு போய் நின்றான். யாரும் எழுந்திருக்கவில்லை.

"எறிஞ்சு பழக வேண்டாமா?" என்று கேட்டான்.

கரடி ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "பழகுறதா? நாம எதுக்குடா பழகணும்? நாம மலையடி!"

பெருந்தலை யானை நிதானமாகக் காதை ஆட்டினார். "தம்பி புதுசு. போகப் போகத் தெரிஞ்சுக்குவான்."

நெடுங்கையன் தனியாக எறிந்தான். எறிந்த காயை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவனே இறங்கிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான். முன்பெல்லாம் காயைப் பொறுக்கிக் கொடுத்தது யார் என்று யோசித்தான். வெடுக்கன்தான். அவன் அதை ஒரு வேலையாகவே என்றைக்கும் சொன்னதில்லை.

பங்குனி பிறந்தது. ஆட்ட நாளும் வந்தது.

மலையடிக்காரர்கள் அலட்சியமாக ஆடினார்கள். பழைய சூரர்கள்தான், ஆனால் வயதாகிவிட்டது. காட்டெருமைக்கு மூச்சு வாங்கியது, கரடிக்குத் தூக்கம் வந்தது. ஓடைக்கரையில் நெடுங்கையன் இடத்தில் யாரும் இல்லை. இருந்த மூன்று பேரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஊசிமுத்து குறுக்கே நின்றால் யானையே ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது. கல்லாயியின் முதுகில் ஏறி எம்பி எம்பி எறிந்தான் வெடுக்கன். பத்து எறிந்தால் ஒன்று விழுந்தது. அந்த ஒன்றுக்கு முயல்கள் எல்லாம் துள்ளிக் குதித்தன.

பொழுது சாயும்போது இரண்டு பக்கமும் சமமாக நின்றது. இன்னும் ஒரே ஒரு காய். யாருக்கு விழுகிறதோ அவர்களுக்கு மடு.

வெடுக்கன் யானையின் கால்களுக்கு நடுவே புகுந்து காயைப் பறித்துக்கொண்டான். கரடி துரத்தினான். எருமை குறுக்கே வந்தான். தப்ப வழியில்லை. இந்த மாதிரி நெருக்கடியில் வெடுக்கன் ஒன்று செய்வான். திரும்பிப் பார்க்காமல், கருப்புப் பாறைக்கு இடப்பக்கம் காயை வீசுவான். அங்கே நெடுங்கையன் நிற்பான். எத்தனையோ வருஷப் பழக்கம். அன்றைக்கும் திரும்பிப் பார்க்காமல் வீசினான்.

அங்கே நெடுங்கையன் நின்றுகொண்டிருந்தான்! யாரும் அவனை அங்கே நிற்கச் சொல்லவில்லை. அவன் கால்களுக்கும் அதே பழக்கம்தான். காய் வந்து கையில் விழுந்தது.

ஒரு கணம் அவன் கை பழைய பக்கமே போனது, மலையடி மரத்தை நோக்கி. பிறகு அவனுக்கு நினைவு வந்தது. கையைத் திருப்பினான். ஓடைக்கரை மரத்தைப் பார்த்து எறிந்தான். அவன் எறிந்தால் தப்புமா? காய் பொந்துக்குள் போய் உட்கார்ந்தது.

கொக்கு இறக்கையைத் தூக்கினார்.

"ஜெயிச்சாச்சு! மலையடி ஜெயிச்சாச்சு!"

வெடுக்கன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். தான் யாரிடம் வீசினோம் என்று புரிந்ததும் "அண்ணே..." என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நெடுங்கையன் அன்றைக்குத் தூங்கியிருப்பான்.

இவ்வளவு வருஷமாகக் காத்திருந்த ஜெயம். அது வந்தபோது நெடுங்கையனுக்குத் தோள் வலித்தது, அவ்வளவுதான். நொச்சி இலை ஞாபகம் வந்தது. கேட்க ஆள் இல்லை.

மறுநாள் காலை மடுவுக்குப் போனார்கள். நிழலில், பாறைகளுக்கு நடுவே, அடி தெரிகிற மாதிரித் தண்ணீர் தெளிந்து கிடந்தது. நெடுங்கையன் தாவிப் போய்க் குனிந்தான்.

கரடி அவன் வாலைப் பிடித்து இழுத்தான். "எங்கடா ஓடுற? வரிசை இருக்குல்ல!"

"என்ன வரிசை?"

"கனத்து வரிசை! இங்க என்னிக்கும் அதுதான் வழக்கம். கனமானவங்க முதல்ல. நீ எவ்வளவு கனம்?"

நெடுங்கையன் தன்னைத்தானே பார்த்துக்கொண்டான்.

முதலில் பெருந்தலை யானை இறங்கினார். குடித்தார், குளித்தார், துதிக்கையால் வாரி முதுகில் பீய்ச்சிக்கொண்டார், ஒரு பக்கம் படுத்து உருண்டார். பிறகு எருமை இறங்கிச் சேற்றில் புரண்டான். பிறகு கரடி இறங்கி ரோமம் எல்லாம் அலசினான். வெயில் உச்சிக்கு வந்தபோது நெடுங்கையனின் முறை வந்தது. மடுவில் குழம்பு மாதிரி ஏதோ கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். பல்லில் மண் கடித்தது.

அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே.

ஒரு நாள் ஓணானைக் கண்டுபிடித்துக் கேட்டான். "மடுவுல இடம் உண்டுன்னு சொன்னியே?"

"உண்டுதானே தலைவரே? கடைசியில உண்டு!" ஓணான் தலையாட்டிக்கொண்டே அடுத்த மரத்துக்குப் போய்விட்டான். அங்கே யாரோ அலுத்து உட்கார்ந்திருந்தார்கள் போலிருக்கிறது.

நெடுங்கையன் கரடியிடம் போய் நின்றான். "நான் எறிஞ்ச காயிலதானே ஜெயிச்சோம்? என்னை ஒரு நாளாவது முன்னால விடக் கூடாதா?"

கரடி சிரித்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னான். "உன்னை எதுக்குக் கூப்பிட்டோம்னு நெனச்ச? நீ எங்களுக்கு வேணும்னா கூப்பிட்டோம்? நீ அவங்களுக்கு இருக்கக் கூடாதுன்னு கூப்பிட்டோம். அந்த வேலை முடிஞ்சுது. சும்மா இருந்து சாப்பிட்டுத் தூங்கு!"

நெடுங்கையன் மரத்தில் ஏறி உட்கார்ந்தான். அவனுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பழைய அலுப்புதான் வந்தது. அதை ஓடைக்கரையிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்தான். கூடவே வந்திருக்கிறது.

அப்போது ஊற்றுத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. தோற்ற வருஷங்களில் எல்லாம் அவன் வெயில் ஏறும்வரை தூங்குவான். தோள் வலிக்கிறவன் ஆயிற்றே! இறங்கி ஓடைக்குப் போனால் வெடுக்கன் தேக்கிலையைத் தொன்னையாக மடித்து நீட்டுவான். உள்ளே கண்ணாடி மாதிரித் தண்ணீர் இருக்கும். "குடிங்கண்ணே, உங்களுக்குத்தான் முதல்ல!" என்பான். அவனும் குடிப்பான். மணலில் ஊற்று என்றால் அப்படித் தெளிவாகத்தான் வரும் என்று அவன் நினைத்திருந்தான். வேறு எதுவும் யோசித்ததில்லை.

விடியும் நேரத்தில் அவன் மலையடியை விட்டு இறங்கினான். ஊற்றில் ஒரு வாய் குடித்தால் மடு போய்விடும் என்று தெரியும். ஊற்றில் தன்னை விடுவார்களா என்று தெரியாது. இரண்டும் இல்லாமல் போனால் இந்தக் கோடையில் நாக்கு வறண்டு சாக வேண்டியதுதான். ஆனாலும் போனான்.

ஓடையில் மூன்று பேரும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அவ்வளவு சீக்கிரம் எழுந்ததே இல்லை. அதனால் அதை அவன் பார்த்ததே இல்லை. குழிக்குள் ஊசிமுத்து தலைகீழாக நின்று மணலைப் பறித்தான். கல்லாயி அந்த மணலை முதுகால் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்தாள். ஒரு நடைக்கு ஒரு கை மண். மறுபடி உள்ளே இறங்குவாள். தண்ணீர் கசிந்தது. கசிந்தது முழுக்கச் சேறு. வெடுக்கன் அதை இலையால் மொண்டு வெளியே கொட்டினான். மறுபடி ஊறியது. மறுபடி கலங்கல். மறுபடி கொட்டினான். மூன்று பேரின் நாக்கும் வெளியே தொங்கியது. யாரும் ஒரு சொட்டு வாயில் வைக்கவில்லை. தெளிவதற்காகக் காத்திருந்தார்கள்.

நெடுங்கையன் கரையிலேயே நின்றுவிட்டான். 'நான் தூங்கி எழுந்து குடித்த தண்ணீர் இதுதானா?'

கல்லாயிதான் அவனை முதலில் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"இந்த வருஷம் தண்ணி ரொம்பக் கீழ போயிடுச்சு" என்றாள். "நின்னுக்கிட்டு என்ன பார்க்கிற? கை நீளமாத்தானே இருக்கு? இறங்கித் தோண்டு."

"மடுத்தண்ணி குடிச்சவனுக்கு இங்க என்ன வேலை?" என்றான் ஊசிமுத்து. முட்களைச் சிலிர்த்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஆனால் குழியில் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தான்.

நெடுங்கையன் குழியில் இறங்கினான். தோண்டினான். வலது தோள் முதல் பிடியிலேயே 'விண்'ணென்றது. இடது கையால் தோண்டினான். இது ஆட்டம் இல்லை; பார்க்கக் கூட்டம் இல்லை, கத்த யாரும் இல்லை. மணல் சரிந்து சரிந்து விழுந்தது. அள்ளின குழி அள்ள அள்ளத் தூர்ந்தது. இதைத்தான் இவர்கள் ஒவ்வொரு கோடையிலும், ஒவ்வொரு காலையிலும், 'அடுத்த வருஷம்' என்று சொல்லிக்கொண்டே செய்திருக்கிறார்கள்.

வெயில் ஏறும்போது தண்ணீர் தெளிந்தது. கொஞ்சம்தான். ஒரு தொன்னை நிறையும்.

வெடுக்கன் மொண்டான். திரும்பிக்கூடப் பார்க்காமல் இடப்பக்கம் தொன்னையை நீட்டினான். பழக்கம்! எத்தனையோ வருஷப் பழக்கம். நீட்டின பிறகுதான் யாரிடம் நீட்டினோம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஊசிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கருப்புப் பாறையடியில் இதே மாதிரி ஒரு தடவை கொடுத்துப் பட்டவர்கள் ஆயிற்றே.

நெடுங்கையன் தொன்னையை வாங்கிக்கொண்டான். தண்ணீரில் அவன் கருப்பு முகம் தெளிவாகத் தெரிந்தது. அவனுக்குத் தாகத்தில் உயிர் போயிற்று.

அவன் குனிந்து தொன்னையைக் கல்லாயியின் வாயருகே வைத்தான்.

"நீ குடி, அக்கா."

கல்லாயி அவனைப் பார்த்தாள். தொன்னையைப் பார்த்தாள். பிறகு கழுத்தை நீட்டிக் குடித்தாள். ஆமை குடிப்பதற்கும் வெகுநேரம் ஆகும். மூன்று பேரும் காத்திருந்தார்கள். அடுத்த தொன்னை வெடுக்கனுக்கு, அதற்கடுத்தது ஊசிமுத்துக்கு. கடைசியாக ஊறியதை நெடுங்கையன் குடித்தான். மடுவிலும் அவனுக்குக் கடைசி இடம்தான் கிடைத்திருந்தது. ஆனால் இந்தத் தண்ணீரில் மண் கடிக்கவில்லை.

குடித்து முடித்ததும் நான்கு பேரும் மணலில் சாய்ந்தார்கள். நாளைக்கு மறுபடி தோண்ட வேண்டும். கோடை இன்னும் பாதிகூட முடியவில்லை.

"இந்த வருஷம் போச்சு" என்றான் ஊசிமுத்து.

நெடுங்கையன் தோளைத் தடவிக்கொண்டு, அந்த அலுத்துப்போன வார்த்தையைத் தானே சொன்னான்: "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

தன் தோளின் வலியை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு, தன்னைத் தாங்கிய முதுகுகள் அவற்றை விட்டு இறங்கிய பிறகுதான் கண்ணில் படுகின்றன.